கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு மண்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் விடியற்காலையிலேயே சந்தைவெளிக்குப் போய்க் கூலியாள் தேடுகிறார். ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்றுக்குப் போகிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். இந்த உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கூலி நியாயமா இல்லையா என்பதுதான் எப்போதும் பேச்சு. அந்தத் தோட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு அம்மா என்னைக் கேட்கும் வரை நானும் யோசித்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் கிளைக்கிராமம் ஒன்றில் மாலைத் திருப்பலி முடிந்து பூசை உடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். "சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். கேளுங்கள் அம்மா என்றேன். "எங்க வீட்டுல அவரு குடிச்சே கெட்டுப்போறாரு. ஒயின் ஷாப்புதான் அவருக்கு வீடு. நீங்க பூசையில குடிக்கிறதும் ஒயினுதான்னு பிள்ளைக சொல்லுது. அது எதுக்கு சாமி பீடத்துக்கு வரணும்?"

மறைக்கல்வியில் படித்ததைச் சொன்னேன். இறுதி இராவுணவு, பாஸ்கா கிண்ணம், ஆண்டவரின் திருஇரத்தம், எல்லாம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டது இறையியல் அல்ல. இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, யார் கையால் வருகிறது என்பதுதான் அவர் கேள்வி.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று பெயர் பெற்ற கடையில் விற்பதில் பெரும்பகுதி பிராந்தியும் ரம்மும் பீரும்தான். திராட்சையைப் பிழிந்து புளிக்க வைத்த ரசம் அங்கே ஓர் ஓரத்தில் இருந்தால் அதிகம். பெயர் மட்டும் திராட்சைக்கு, கெட்ட பெயரும் திராட்சைக்கு.

அந்த அம்மாவின் கேள்வி புதிதல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கேட்கப்பட்ட கேள்விதான். 1606இல் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, 'பரங்கி' என்றால் மாட்டிறைச்சி தின்பவன், சாராயம் குடிப்பவன் என்பதுதான் மக்கள் மனத்தில் பதிந்திருந்த படம். அதனால்தான் அவரும் அவருக்குப் பின் வந்த மதுரை மிஷன் இயேசு சபையாரும் இறைச்சியை விட்டார்கள், மீனை விட்டார்கள், மதுவையும் விட்டார்கள். சந்நியாசிகளாக, பண்டார சாமிகளாக வாழ்ந்தார்கள். நம் மாவட்டத்து ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் எழுப்பிய பூசே சுவாமியும், பின்னால் அங்கே பணியாற்றிய வீரமாமுனிவரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். திராட்சை ரசம் குடித்து வளர்ந்த நாடுகளில் பிறந்தவர்கள் இங்கே வந்து சோறும் பருப்பும் காய்கறியும் மோரும் என்று வாழ்ந்தார்கள்.

ஆனால் பீடத்தில் மட்டும் அதை விட முடியவில்லை. திருப்பலிக்கு உரிய ரசம் திராட்சையிலிருந்தே வர வேண்டும், வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது, கெட்டுப்போயிருக்கக் கூடாது என்பது திருச்சபையின் பழைய சட்டம். இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் 924ஆம் பிரிவாக அது இருக்கிறது. ஆவூரிலோ திராட்சைக் கொடி ஏது? செம்மண்ணும் கண்மாயும் கருவேலமும் உள்ள பூமி. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து, கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக உள்நாட்டுக்கு வந்ததுதான் அந்தக் கிண்ணத்தில் விழுந்த சில துளி. கப்பல் கவிழ்ந்தாலோ போர் மூண்டாலோ அந்தத் துளிக்கும் தட்டுப்பாடுதான்.

மேற்குக் கரையில் தோமையார் கிறிஸ்தவர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். அரபு வணிகர் கொண்டுவரும் உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பலிக்குப் பயன்படுத்தினார்கள். போர்த்துக்கீசியர் வந்தபோது இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கொடி முளைக்காத ஊரில் அந்த மக்கள் காட்டிய கெட்டிக்காரத்தனமும் பக்தியும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்படி ஒரு பழத்துக்காக இவ்வளவு பாடுபட்டதால்தான், துறவிகள் உலகில் எங்கே மடம் கட்டினாலும் பக்கத்தில் ஒரு கொடியையும் நட்டார்கள். இன்று உலகமே பெயர் சொல்லும் திராட்சைத் தோட்டங்கள் சிலவற்றின் ஆரம்பம் ஒரு மடத்து வாசலில்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பிரான்சு நாட்டில் பர்கண்டி என்ற பகுதி. அங்கே 1098இல் மொலேம் நகர் புனித இராபர்ட் சில துறவிகளோடு சதுப்புக் காட்டுக்குள் போய்ச் சீத்தோ என்ற மடத்தைத் தொடங்கினார். மற்ற மடங்கள் செல்வத்தில் கொழுத்துவிட்டன, நாம் வறுமையிலும் கையுழைப்பிலும் வாழ்வோம் என்பது அவர்கள் முடிவு. சில ஆண்டுகளில் புனித பெர்நார்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மடம் இருந்த இடம் ஈரம், கொடிக்கு ஆகாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, வூஜோ என்ற இடத்துச் சரிவில், பிரபுக்கள் தானமாகக் கொடுத்த நிலத்தில் கொடி நட்டார்கள். சிறிது சிறிதாக, தானமாகவும் விலைக்கும் மாற்றுக்கும் நிலம் சேர்த்தார்கள். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து 14ஆம் நூற்றாண்டில் பார்த்தால் 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர் சொச்சம். அதைச் சுற்றி ஒரே கல்மதில். 'குளோ தெ வூஜோ' என்று பெயர். வூஜோவின் மதில் தோட்டம் என்று பொருள்.

அந்த மதிலுக்குள் மண் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விசேஷம். மேட்டில் சுண்ணாம்புக்கல் மேல் மெல்லிய மண், நீர் நிற்காது. கீழே சாலையோரம் களிமண். மழைக்கு நசநசவென்று நிற்கும். மேட்டுக் கொடியின் ரசம் சிறந்தது, கீழ்க் கொடியின் ரசம் சுமார். துறவிகள் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு பாத்தியையும் கவனித்து, எந்த மண்ணில் எது வரும் என்று அறிந்து வைத்தார்கள். மண்ணை வாயில் போட்டே பார்த்தார்கள் என்று ஒரு கதை. மேட்டு ரசம் பாப்புவுக்கு, நடு ரசம் ஆயர்களுக்கு, கீழ் ரசம் துறவிகளுக்கு என்று இன்னொரு கதை. கதைதான், ஆனால் கீழே இருப்பவனுக்குக் கீழ்ச்சரக்கு என்ற பகுதியை நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

துறவிகள் என்கிறோமே, வெயிலிலும் பனியிலும் கொடிக்குக் கவாத்து செய்தவர்கள் பெரும்பாலும் குருக்கள் அல்ல. எழுத்தறியாத ஏழை உழவர்களாக இருந்து மடத்தில் சேர்ந்த உழைப்புச் சகோதரர்கள். மடாதிபதிகளின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. 1551இல் அங்கே மாளிகை கட்டியவர் பெயரும் இருக்கிறது. அந்தச் சகோதரர்களின் பெயர்கள் இல்லை. அவர்கள் மரத்தால் செய்த பிரமாண்டமான ஆலைகள் மட்டும் இன்றும் அங்கே நிற்கின்றன.

பிறகு என்ன ஆயிற்று? வறுமைக்காகக் காட்டுக்குப் போனவர்களின் வாரிசுகள் காலப்போக்கில் பெரும் நிலக்கிழார்கள் ஆனார்கள். இதைச் சொல்ல ஒரு குருவானவருக்குக் கூச்சம் வேண்டியதில்லை, வரலாறு அது. 1789இல் புரட்சி வந்தது, திருச்சபைச் சொத்து நாட்டுடைமை ஆயிற்று, 1791இல் தோட்டம் ஏலம் போனது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் எண்பது பேருக்கு மேல் சொந்தக்காரர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் பாகம். அங்கே விளையும் ரசத்தில் ஒரு புட்டி வாங்க நம் ஊர்க் கொத்தனார் பல வாரம் கூலி வாங்க வேண்டும். 2015இல் அந்தப் பர்கண்டிச் சரிவுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

சரி, பிரான்சுக் கொடி நம் பக்கம் எப்படி வந்தது? தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். கருநீலம், உருண்டை, உள்ளே விதை, பன்னீர் போல் ஒரு வாசனை. நம் புதுக்கோட்டைச் சந்தையில் தள்ளுவண்டியில் கிலோக் கணக்கில் விற்பதுதான். 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அங்குள்ள உழவர்கள் வழிவழியாகச் சொல்வது. புவிசார் குறியீடு தொடர்பான செய்திகளிலும் அப்படியே இடம்பெற்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. இந்த ரகத்துக்கு 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். தாவர நூலார் இது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் உருவான ஒட்டு என்கிறார்கள். அப்படியானால் 1832இல் வந்த கொடி வேறு ரகமாக இருந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு சற்றுப் பிசகியிருக்க வேண்டும். எதுவானாலும் ஒரு குருவானவர் கொடி கொண்டுவந்தார் என்பதில் வியப்பில்லை. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, 1814இல் மீண்டும் உயிர்பெற்று, 1838இல்தான் நான்கு பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் இங்கே அலைந்து திரிந்த பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரியைச் சேர்ந்த பாரிசு வேதபோதகச் சபையார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பரந்த நாடு, கப்பலில் வரும் ரசம். வீட்டுப் பின்புறம் ஒரு கொடி இருந்தால் தேவலை என்று அவர்களில் ஒருவர் நினைத்திருக்க மாட்டாரா?

ஒரு குருவானவர் வீட்டுக் கொடி ஒரு பள்ளத்தாக்கையே மூட வேண்டுமானால் நீர் வேண்டும். இங்கேதான் கதை உண்மையில் கனக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடியில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். பெரியாறு அரபிக்கடலுக்கு ஓடும். இந்தப் பக்கம் காய்ச்சல். அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாமே என்று 1789இல் முதலில் திட்டமிட்டவர் நமக்குப் பக்கத்து இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்துஇருளப்ப பிள்ளை. பணம் இல்லாமல் நின்றது. 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சத்தில் தென்னாடு செத்து மடிந்த பிறகுதான் ஆங்கில அரசு அசைந்தது. 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக் குத்தகை. ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு 155 அடி உயரம். மலையைக் குடைந்து சுரங்கம். மேற்கே போக வேண்டிய ஆறு கிழக்கே விழுந்தது.

கர்னல் பென்னிகுயிக்கை அந்தப் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த சனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தகும்.

ஆனால் அந்தக் காட்டில் கல் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சாலை இல்லை, யானைக்காடு, மழைக்காலம் வந்தால் ஆறு கட்டியதை அடித்துக்கொண்டு போகும், மலேரியாவும் காலராவும் ஆளை அடித்தன. நோயில் இறந்து அணைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டவர்கள் மட்டும் 480க்கு மேல் என்று ஒரு கணக்கு. குளிருக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாகச் சாராயம் கொடுத்து வேலை வாங்கினார்கள். சாராயம் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்ற பேச்சும் உண்டு. இதைப் படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்று நாம் சுவைக்கும் இனிப்புத் திராட்சையின் நீருக்குப் பின்னாலும் கூலியாளின் கையில் கொடுத்த ஒரு கோப்பை சாராயம் இருக்கிறது.

நீர் வந்தது, பள்ளத்தாக்கு நெல்லாயிற்று. கிணறுகள் ஊறின. கிணற்றை நம்பித் திராட்சைப் பந்தல்கள் பரவின. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி என்று ஊர் ஊராக, சுமார் 2,000 ஹெக்டேர். இராயப்பன்பட்டி என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர் ஊர் என்று தெரியும். இராயப்பர் புனித பேதுருதான். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு திருமணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது தோட்டம் ஒன்றுக்குள் அழைத்துப் போனார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல். குனிந்தபடி நடந்தேன்; தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பர்கண்டியில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் நூற்றிருபது நாள் சுமாரில் பழம். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பன்னீர்த் திராட்சை கிடைக்கும் ஊர் இதுதான் என்பதில் அவர்களுக்குப் பெருமை.

பெருமைக்கு நடுவே கணக்கும் சொன்னார்கள். மழை பெய்தால் பழம் வெடிக்கும். செவட்டை நோய் விழும், சாம்பல் விழும், மருந்தடித்து மாளாது. தென்னைக்கும் வெற்றிலைக்கும் நாம் அடிக்கும் போர்டோ கலவைகூட, பிரான்சில் போர்டோ ஊர்த் திராட்சைத் தோட்டத்தில் பிறந்து அதன் பெயரையே சுமந்து வந்ததுதான். சனவரிக்குப் பிறகு மகாராட்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வந்துவிட்டால் பன்னீர் விலை இறங்கிவிடும். விலையை வியாபாரி சொல்வார், தோட்டக்காரர் கேட்டுக்கொள்வார். தோட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், விடியுமுன் வந்து கத்திரிக்கோலால் கொத்து வெட்டி, அழுகல் பொறுக்கி, பெட்டியில் அடுக்கும் பெண்களின் நிலையைக் கேட்க வேண்டாம். அவர்களில் ஒரு பாட்டி மட்டும், "சாமி, இதுலதானே பூசை ரசம் செய்வாங்க?" என்று கேட்டு, ஒரு கொத்தை வெட்டி என் கையில் வைத்தார். பெரும்பகுதி பழமாகத்தான் விற்கிறது அம்மா, ஆனால் இதே குலம்தான் என்றேன். அது போதும் அவருக்கு.

பீடத்துக்கு வரும் ரசத்தைப் பொறுத்தவரை அதற்குத் தனி ஒழுங்கு உண்டு. இராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய காலத்திலிருந்தே திருப்பலி ரசம் அரசு உரிமத்தோடு தனியாகக் கையாளப்படும் பொருள். கேரளத்தில் மறைமாவட்டங்களே உரிமம் பெற்றுத் தயாரிக்கின்றன. பங்குக்கு வரும் புட்டி கணக்கோடு வருகிறது, கணக்கோடு தீர்கிறது. இன்னொன்றையும் பலர் அறிய மாட்டார்கள். குடிநோயால் பாதிக்கப்பட்ட குருவானவர் ஆயரின் அனுமதியோடு, புளிப்பு ஏறாமல் நிறுத்திய திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதை மீண்டும் தெளிவாக்கியது. குடி என்பது நோய் என்றும், அது குருவையும் பிடிக்கும் என்றும் திருச்சபைக்குத் தெரியும்.

காணிக்கை நேரத்தில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்திச் சொல்லும் செபத்தில் இரண்டு வரும்: கொடி தந்தது, மனிதர் உழைத்தது. முன்பெல்லாம் அதை வேகமாகச் சொல்லிவிடுவேன். இப்போது அந்த இரண்டாவது சொல்லில் நாக்கு தட்டுகிறது. சீத்தோவின் பெயரில்லாச் சகோதரர், தேக்கடிக் காட்டில் புதைந்தவர், கொத்து வெட்டிய பாட்டி, கூலி கேட்டுச் சந்தைவெளியில் ஐந்து மணி வரை நின்றவன், எல்லாரும் அங்கே வந்து நிற்கிறார்கள்.

போன மாதம் அதே கிளைக்கிராமத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவிடம் இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். இராமநாதபுரத்துப் பிரதானியின் கதை அவருக்குப் பிடித்தது. அணையில் சாராயம் கொடுத்த இடத்தில் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்றைய காணிக்கைப் பவனியில் அவரும் வந்தார். உபதேசியார் ஒரு கையில் அப்பத்தையும் மறு கையில் ரசச் சாடியையும் நீட்டினார். அம்மா அப்பத்தை எடுத்துக்கொண்டார். சாடியை அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகள் வாங்கிக்கொண்டு வந்தாள்.